ஒரு மடக்குத் தண்ணீர்

போன மாதம் வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது, ஒரு மணி நேரம் வந்து பேச முடியுமா என்று கேட்டார்கள். மக்களின் பழக்கத்தை மாற்றும்படியான சுகாதாரத் திட்டங்களை எப்படித் தீட்டுவது என்பதுதான் தலைப்பு. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளை நினைவு வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று ஒத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரு டேப்லெட் இருந்தது. திட்டம் போடுவதே இப்போது அதில்தானாம். ஊரின் பெயரைத் தொட்டால் அந்த ஊரின் நோய்கள் வரிசையாக வருகின்றன. நோயைத் தொட்டால் மக்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது வருகிறது. கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது, ‘ஆலோசனையைப் பின்பற்றாததற்குக் காரணம்’ என்று. அதைத் தொட்டால் நான்கு வரிகள் வருகின்றன: அறியாமை, அலட்சியம், மூடநம்பிக்கை, குடும்பத்தினர் எதிர்ப்பு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

முன்வரிசையில் இருந்த பெண், “இந்த நாலுல எது மேடம் அதிகமா வரும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏதோ சொல்லி ஒப்பேற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் கொஞ்சம் நீளமானது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வீடு பாலவனத்தம். கிராம சுகாதார செவிலியராக முதலில் போட்டது திருச்சுழிக்கும் அந்தப்பக்கம். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து நடந்து, நாளுக்கு இரண்டு ஊர் பார்க்க வேண்டும். ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் ரிஜிஸ்டர் எழுதவும் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதில் இல்லாத ஒன்றை, எனக்கு முன்னால் அந்த ஊர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா முதல் நாளே சொன்னார். “எந்த வீட்டுக்குப் போனாலும் செம்புல தண்ணி குடுப்பாக. வேண்டாம்னு சொல்லிராத, மனசு கஷ்டப்படுவாக. ஒரு மடக்குக் குடிச்சிட்டு செம்பத் திருப்பிக் குடுத்துரு. அதுக்கு மேல குடிக்காத.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரமே புரிந்துவிட்டது. புரிந்தது பழக்கமாகி, பழகியது மறந்தும் போய்விட்டது.

ஊர் ஊராக நடந்தே பல வருஷம் போனது. பிறகு பதவி உயர்ந்து, வட்டாரம் முழுவதற்குமான சமுதாய சுகாதார செவிலியரானேன். சுகாதாரக் கல்வித் திட்டங்களை எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. ஜீப்பும் மேசையும் கிடைத்தன. அப்போது எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவரைத் தனராஜ் சார் என்று இங்கே சொல்கிறேன்.

தனராஜ் சாரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்க மாட்டார். தயிர்சாதத்தை டிபன் டப்பாவில் கொண்டுவந்து பைக்கிலேயே ஊர் ஊராகச் சுற்றுவார். ஆய்வுக் கூட்டத்தில் செவிலியர்களை நிற்கவைத்துப் பேசுகிற அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் முதலில் நாற்காலியைக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் திட்டத் தாள்களை மட்டும் நின்றுகொண்டேதான் படிப்பார். கையில் பச்சை மைப் பேனா இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான்: “இத அளக்க முடியுமா, சிஸ்டர்?”

அளக்க முடியும் என்றால் வரி நிற்கும். முடியாதென்றால் பச்சைக் கோடு விழும். மிகவும் நேர்மையான முறை என்றுதான் அப்போது நினைத்தேன். பொய்க்கணக்கு எழுத அதில் வழியில்லை என்று நம்பினேன்.

அவர் காலத்தில் திட்டம் போடுவது மூன்று சார்ட் தாள் வேலை. முதல் தாளில் பிரச்சினை என்ன, யாருக்கு என்று எழுத வேண்டும். இரண்டாவதில் அவர்களுக்கு என்ன சொல்லப்போகிறோம், எந்த வழியில் சொல்லப்போகிறோம் என்பது. மூன்றாவதில் மாறினார்கள் என்பதை எதை வைத்து அளப்போம் என்பது. தலைப்பில் ‘நடத்தை மாற்றம்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். ஒரு ஊரில் அதை எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு அம்மா, “எங்க நடத்தைக்கு என்ன தாயி கொறச்சலு?” என்று கேட்க, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த ஊரில் அந்தத் தாளைத் திருப்பி மாட்டினேன்.

நான் சொல்ல வருகிற ஊர் திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த ஊரைச் சுத்தமான ஊராக மாற்றுவதுதான் என் முதல் பெரிய திட்டம். அரசு மானியத்தில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டி முடிந்திருந்தது. ஆனாலும் ஜனங்கள் ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருந்த கருவைக்காட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பத்துக் கழிப்பறைகளை நானே திறந்து பார்த்தேன். ஒன்றில் ஆட்டுக்குட்டி, ஒன்றில் மிளகாய் மூட்டை, மற்றவற்றில் விறகு. முதல் தாளில், ‘கழிப்பறை உள்ளது, விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதினேன். குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்பதும், ஒருவர் ஒருமுறை கழிப்பறைக்குப் போனால் அரைக்குடம் காலியாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அது தாளில் ஏறவில்லை.

இரண்டாவது தாளில், இருக்கிற பழைய வழியை அடைத்தால் புதிய வழிக்கு வருவார்கள் என்று எழுதினேன். அந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஜேசிபி வந்தது. இரண்டே நாளில் கருவைக்காடு வேரோடு போய், ஊரிலிருந்து பார்த்தால் கண்மாய்க்கரையில் போகிற சைக்கிள் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. விடிகாலையில் சுற்றிவர ஐந்து ஆண்கள் கொண்ட கண்காணிப்புக் குழு போட்டோம். வெளியில் யாராவது உட்கார்ந்தால் ஊத ஆளுக்கொரு விசில். அந்த விசில்களை அருப்புக்கோட்டை பஜாரில் நான்தான் வாங்கினேன், சிவப்புக் கயிறு கட்டினது. மூன்றாவது தாளில் அளவு: வெளியில் செல்வோர் எண்ணிக்கை. அது மளமளவென்று குறைந்தது. பகலில் பார்த்தால் ஒருவர்கூட இல்லை. பச்சை மையில் ‘நன்று’ என்று விழுந்தது.

அடுத்த கோடையில் அந்த ஊரிலிருந்து நீர்க்கடுப்பு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்கள் அதிகமானார்கள். வெயில்காலம், தண்ணீர் போதவில்லை என்று டாக்டர் சொன்னார். உடனே அடுத்த மூன்று தாள்களை எடுத்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ‘தண்ணீர் குடிப்போம்’ திட்டம். மணிக்கு ஒரு டம்ளர் என்பதுதான் செய்தி. கும்மிப் பாட்டுக் கட்டினோம். ஆளுக்கொரு நீல அட்டை கொடுத்து, குடித்த ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்னோம்.

அந்தத் திட்டத்துக்கு எனக்கு வலதுகையாக இருந்தவள் காளீஸ்வரி. மகளிர் குழுவின் செயலாளர். பன்னிரண்டாவது வரை படித்தவள், கணீரென்ற குரல். கும்மிப் பாட்டின் பாதி வரிகள் அவள் போட்டதுதான். புருஷன் முருகேசன் லோடு வண்டி ஓட்டினார். மூத்த மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்ததால் மண்வெட்டி வேலை கொடுக்காமல், வேலைத்தளத்தில் மற்றவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். என் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று சந்தோஷப்பட்டேன்.

பயிற்சி நாளில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “மணிக்கு ஒரு டம்ளருன்னா, வேலைக்குப் போற எடத்துலயுமா நர்ஸம்மா?”

“அங்கதாம்மா முக்கியமாக் குடிக்கணும்” என்றேன்.

அவள் தலையாட்டிச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சந்தேகம் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் அட்டைகள் திரும்பி வந்தன. ஒரு கட்டம் பாக்கியில்லை. எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் உட்கார்ந்து அடித்தது என்பது பார்த்தால் தெரியும். ஊர் ஊராகத் தடுப்பூசி அட்டை சரிபார்த்தே தலை நரைத்தவள் நான். இருந்தும் அன்றைக்குக் கண்ணில் படவில்லை. பட வேண்டாம் என்று நானே நினைத்தேனோ என்னவோ.

ஏழாவது மாதத்தில் காளீஸ்வரிக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தது. நான்கைந்து நாளாகவே விலாவில் வலி இருந்திருக்கிறது. குனிந்து நிமிர்ந்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். கிருமி நீர்த்தாரையில் தொற்றி, கிட்னிக்கு ஏறி, இரத்தத்தில் கலந்துவிட்டது. வலி எடுத்து, மாதம் நிறையாமலே ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் இருந்தது. காளீஸ்வரி பிழைத்தாள்.

இப்படி ஒரு சாவு என்றால் ஆய்வுப் படிவம் எழுத வேண்டும். அதில் ஒரு கேள்வி, தாய்க்கு உரிய ஆலோசனை வழங்கப்பட்டதா என்று. என் ரிஜிஸ்டரில் தேதி வாரியாக இருந்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லி மூன்று முறை ஆலோசனை, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் கையெழுத்து. அடுத்த கேள்வி, அது பின்பற்றப்பட்டதா என்று. நான் ‘இல்லை’ என்று எழுதினேன். தனராஜ் சார் நின்றுகொண்டே படித்துப் பார்த்து, ரிஜிஸ்டர் இவ்வளவு சுத்தமாக இருப்பது நல்லது என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒரு பிள்ளை செத்திருக்கிறது, என் பக்கம் பிசகில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிக்காகத்தான் என்னால் இன்றுவரை என்னை மன்னிக்க முடியவில்லை.

படிவத்தில் இருந்தது படிவத்தோடு நிற்கவில்லை. அந்த ஊர்ச் செவிலியர், கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், காளீஸ்வரியின் மாமியாரிடம், சொன்னபடி தண்ணீர் குடித்திருந்தால் பிள்ளை தங்கியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஊர் முழுக்க அதுதான் பேச்சு. கும்மியடித்து ஊருக்குச் சொன்னவள் தான் குடிக்காமல் பிள்ளையை வாரிக்கொடுத்துவிட்டாள் என்றார்கள். மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். முருகேசன் வாயைத் திறக்கவில்லை. காளீஸ்வரியை அவள் அண்ணன் வந்து காரியாபட்டிப் பக்கம் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அவளை மட்டும் இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு அவள் வரவில்லை என்று ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் காரியாபட்டி போனேன். ஆறுதல் சொல்லப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உண்மை அந்தக் காலிக் கட்டம்தான்.

காளீஸ்வரி எலும்பும் தோலுமாக இருந்தாள். வாங்க என்று சொல்லி நாற்காலியை எடுத்துப் போட்டாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். இரத்த அழுத்தம் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, என்னையறியாமல், மெதுவாகத்தான் கேட்டேன். இவ்வளவு தெரிந்த நீயே ஏம்மா தண்ணி குடிக்காமல் விட்டாய் என்றேன்.

அவள் செம்பை எடுத்து எனக்கு நேராகக் கீழே வைத்தாள். “கோவிச்சுக்கிராதீக நர்ஸம்மா. நீங்களும் குடிக்கலையே.”

செம்பைப் பார்த்தேன். ஒரு மடக்குக் குறைந்ததே தெரியாமல் தண்ணீர் அப்படியே இருந்தது.

“எங்க ஊருக்கு நீங்க வாரன்னைக்கெல்லாம் பாத்திருக்கேன். ஒரு மடக்குத்தான். அதுக்கு மேல எந்த வீட்லயும் குடிச்சதில்ல. ஏன்னு எங்களுக்குத் தெரியாதா? குடிச்சா எங்க ஒதுங்குவீக? எங்களுக்கும் அதேதான்.”

அந்த அக்கா முதல் நாள் சொன்னது, பஸ் ஏறுகிறவரை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த மதியங்கள், அந்த வருஷங்களில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் திட்டு வாங்கியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. என் உடம்புக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம் என் மூன்று தாளில் ஒன்றிலும் இல்லை.

அவள் அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டு போனாள், கோபமே இல்லாமல். கருவைக்காடு இருந்தவரை, கண்மாய் வேலைக்கு நடுவில் இரண்டு பேராக எழுந்து போவார்களாம். ஒருத்தி காவலுக்கு நிற்பாள், மற்றவள் போய்வருவாள். காடு போன பிறகு வேலைத்தளமும் பொட்டல், கரையும் பொட்டல். வீட்டுக்குப் போய்வர ஒரு மைல். போனால் வேலைக்கு வரவில்லை என்று குறித்துவிடுவார்கள். போனாலும் கழிப்பறையில் ஊற்றத் தண்ணீர் இல்லை. விசில்காரர்கள் கிளம்புவதற்கு முன்னால் இருட்டோடு நாலு மணிக்கு ஒருமுறை, பிறகு பொழுது அடைந்த பின்பு ஒருமுறை. இடையில் ஒன்றுமில்லை. அதற்குத் தோதாக ஊர்ப் பெண்கள் எல்லோரும் பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள்.

“நாந்தான் மோந்து மோந்து குடுத்தேன். அவுகளும் வாய நனைச்சுக்கிட்டாக, நானும் நனைச்சுக்கிட்டேன்.”

அப்படியானால் அட்டையில் டிக் அடித்தது ஏன் என்று கேட்டேன். “நீங்க அம்புட்டு ஆசையாக் கேட்டீக. இல்லைன்னு எப்படிக் காட்டுறது?”

அவர்கள் மனசு நோகக்கூடாதென்று நான் ஒரு மடக்குக் குடித்திருக்கிறேன். என் மனசு நோகக்கூடாதென்று அவர்கள் கட்டம் கட்டமாக டிக் அடித்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழுவதற்கு வெட்கமாகவும் இருந்தது.

புறப்படும்போது அவள் ஒன்று கேட்டாள். “பிள்ளைய யாரும் திருப்பித் தர முடியாது. சொன்னதக் கேக்காம பிள்ளையத் தின்னவளுன்னு ஊருக்குள்ள பேரு ஆகிப்போச்சு. எம்மக காதுலயும் அது விழுகும். அத மட்டும் மாத்திக் குடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்காலில் நின்றும் எனக்கு ஜெபம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு தனராஜ் சார் முன்னால் போய் நின்றேன். படிவத்தில் நான் எழுதியது தவறு, அந்தப் பெண் ஆலோசனையைப் பின்பற்ற வழியில்லாமல் செய்தது நம் முந்தைய திட்டம் என்று அதில் இருந்தது. அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அவரும் நின்றுகொண்டே படித்தார்.

“ரிப்போர்ட் மேல போயிருச்சே, சிஸ்டர். இப்ப இதை அனுப்பினா உங்க பேரும் வரும், என் பேரும் வரும்.”

“வரட்டும் சார்.”

பிறகு பழக்கத்தில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. “இத எப்படி அளப்பீங்க?”

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போனது. “காலைல ரெண்டு செம்புத் தண்ணியக் குடிச்சிட்டு, அந்தப் பொட்டல்ல மதியம் ரெண்டு மணி வரைக்கும் நில்லுங்க சார். எங்கயும் ஒதுங்காம நில்லுங்க. அளவு தெரியும்” என்றேன். வெளியே பியூன் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சார் என் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பதிவு எண் போட்டு மேலே அனுப்பச் சொன்னார். பிறகு ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டார். வேலைத்தளத்தில் நிழலுக்கு ஒரு பந்தல் போட விதி இருக்கிறது. அந்த ஊருக்கு இரண்டு வேண்டும் என்றும், இரண்டாவதற்கு நாலு பக்கமும் பனையோலை வைத்து ஆள் உயரத்துக்கு அடைக்க வேண்டும் என்றும், உள்ளே தனியாக ஒரு டிரம் தண்ணீர் வேண்டும் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எதற்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். “பெண்களுக்கு” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். வருத்தம் தெரிவித்தார் என்று எழுத மாட்டேன். அவர் தெரிவிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் தாள்களில் அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் பார்க்கவில்லை.

மறுநாள் அந்த ஊர் வேலைத்தளத்துக்குப் போனேன். காளீஸ்வரியின் மாமியாரும் அங்கேதான் மண் சுமந்துகொண்டிருந்தார். முருகேசனையும் வரச் சொல்லியிருந்தேன். வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். மூச்சுவிட உட்காருகிற நேரத்தில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டேன். 

காட்டை அழிக்க எழுதியது நான், விசில் வாங்கியது நான், குடிக்க முடியாத இடத்தில் குடி என்று சொன்னதும் நான் என்று சொன்னேன். “காளீஸ்வரி சொன்னதக் கேக்கலைன்னு எழுதினதும் நாந்தான். அது பொய். தப்பு அவ மேல இல்ல, எங்க மேல.”

மாமியார் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்ட ஒன்றுமில்லாத பிறகும் தட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“நானும் பொழுதடையாம பச்சத்தண்ணி தொடுறதில்ல. ரெண்டு வருசமா அப்படித்தான். அவ எப்படிக் குடிச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசினேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரைப்பக்கம் திரும்பி, “ஏலே, வெயில் தாழ வண்டிய எடு. காரியாபட்டிக்குப் போயிட்டு வருவோம்” என்றார். முருகேசன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கதை இத்தோடு சுபமாக முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓலை அடைப்பை ஆடிக்காற்று இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனது. வீட்டுக் கழிப்பறைகளில் இருந்த விறகு, ஊருக்குத் தண்ணீர்த்தொட்டி வருகிறவரை வெளியே வரவில்லை. விசில்களைத் திரும்ப வாங்கி வந்து மேசை இழுப்பறையில் போட்டேன், அவ்வளவுதான். என் திட்டத்தைப் பார்த்து, பக்கத்து ஊர்களிலும் கருவைக்காட்டை அழித்திருந்தார்கள். அங்கெல்லாம் இரண்டாவது பந்தலுக்கு என்னால் அனுமதி வாங்க முடியவில்லை. அந்த ஊர்களில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் என் கண் முன்னால் செம்பை வைத்துக் காட்டவில்லை.

அதன் பிறகு முதல் தாளை நான் மாற்றிக்கொண்டேன். பிரச்சினை என்ன என்று எழுதுவதற்கு முன்னால், அந்தப் பெண்கள் எழுவது முதல் படுப்பது வரை ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்து எழுதினேன். முன்வரிசைப் பெண்ணே, நீ கேட்டாயே, நாலில் எது அதிகம் வரும் என்று. நான் பார்த்தவரை அதிகமாக வந்தது அந்த நாலிலும் இல்லை. செய்வதற்கு வழி இருக்கிறதா என்று நாம் கேட்காமல் விட்டதுதான் அதிகம். அதற்கு உன் டேப்லெட்டில் கட்டம் இல்லையென்றால், ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்.

ஓய்வு பெறுகிற மாதத்தில் கடைசிச் சுற்றாக அந்த ஊருக்குப் போனேன். காளீஸ்வரி அப்போது நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர், வேலைத்தளத்திலேயே இருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. மகள் எட்டாவது படிக்கிறாள் என்றாள், நன்றாகப் பாடுவாளாம். பேசிக்கொண்டே குடிதண்ணீர் டிரம்மிலிருந்து செம்பில் தண்ணீர் மோந்து வந்து கொடுத்துவிட்டு, எதிரே நின்று என்னையே பார்த்தாள்.

நான் செம்பை வாங்கி, நிறுத்தாமல், அடிவரைக்கும் குடித்தேன். காலிச் செம்பை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என் வேலைக்காலம் முழுவதிலும் எந்த ஊரிலும் யாரிடமும் கேட்காத ஒன்றை அவளிடம் கேட்டேன்.

“எங்கம்மா போகணும்?”

அவள் வாளியில் தண்ணீரை நிறைய மோந்துகொண்டு, ஓலை அடைப்பைப் பார்த்து எனக்கு முன்னால் நடந்தாள். நான் போய் வருகிறவரை வாசலுக்கு முதுகு காட்டி, காவலுக்கு நின்றாள்.